கழிவுநீர் சுத்திகரிப்பு: எந்த முறை மலிவு என்று சபையில் கேட்டால் எப்படிக் கணக்குப் பார்ப்பது

2025 மே தேர்தலுக்குப் பிறகு முதல் தடவையாக மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என்று உள்ளே போனவர்கள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். சுகாதாரக் குழுவில் பெயர் போட்டிருப்பார்கள். இரண்டாவது கூட்டத்திலேயே மலக்குழிகளை உறிஞ்சி வெறுமையாக்கும் கல்லி பவுசர் அள்ளும் கழிவை எங்கே கொட்டுவது என்ற கேள்வி வரும். அடுத்த கூட்டத்தில் யாராவது ஒரு நிறுவனத்தின் பளபளப்பான கையேட்டோடு வருவார்கள். அப்படி வருவதற்கு முன் இதை வாசித்து விடுங்கள்.

நான் பொறியியலாளன் இல்லை. மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள எழுவான்கரையில் ஒரு சிறிய சபை அமைத்த ஆலோசனைக் குழுவில் ஊர்ப் பிரதிநிதியாக இருந்தேன். மூன்று விலைமனுக்கள் கையில் இருந்தும் எது மலிவு என்று எங்களால் சொல்ல முடியவில்லை. ஒன்று நாளுக்கு 10 கன மீற்றருக்கு, இன்னொன்று 25 கன மீற்றருக்கு, மூன்றாவது “ஆயிரம் பேருக்கு”. ஒன்றில் காணி நிரப்பும் செலவு இருந்தது, மற்ற இரண்டிலும் இல்லை. எட்டு மாதம் போன பிறகு திரும்பவும் முதல் படியில் இருந்து தொடங்கினோம். அந்த எட்டு மாதம் உங்களுக்கு மிஞ்ச வேண்டும்.

1. எந்தக் கழிவு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

“கழிவுநீர்” என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு பொருட்கள் இருக்கின்றன. வீட்டிலிருந்து குழாய் வழியாக நேரே ஓடி வருவது ஒன்று. மலக்குழியில் வருடக்கணக்காகத் தங்கிக் கிடந்து பவுசர் உறிஞ்சிக் கொண்டு வருவது மற்றது. குழாயில் வருவதன் பி.ஓ.டி அளவு பொதுவாக லீற்றருக்கு 200, 300 மில்லிகிராம். பி.ஓ.டி என்பது கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு ஒட்சிசன் தின்னும் என்ற அளவு. பவுசர் கழிவில் அது ஆயிரக்கணக்கில் நிற்கும். சேறும் மண்ணும் துணியும் கூடவே வரும்.

ஹோட்டலுக்கோ வீடமைப்புத் திட்டத்துக்கோ செய்த பெட்டி போன்ற இயந்திர நிலையத்தை வாங்கி அதில் பவுசர் கழிவைக் கொட்டினால், உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் தாங்காது. நாற்றம் வரும், பம்பு அடைக்கும். எங்களுக்கு வந்த மலிவான விலைமனு இப்படிப்பட்ட நிலையத்துக்குத்தான். “எங்கள் கழிவு பவுசர் கழிவு” என்று எழுத்தில் கொடுத்த பிறகு அதே நிறுவனம் முன்னால் இரண்டு தொட்டிகளைச் சேர்த்து வேறு விலை அனுப்பியது.

2. அளவை நீங்களே எடுங்கள்

விற்பவர் சொல்லும் அளவை ஏற்காதீர்கள். பவுசர் சாரதியின் ஓட்டப் புத்தகத்தைக் கேளுங்கள். கடந்த 24 மாதத்தில் எத்தனை தடவை, எந்த வட்டாரம், எத்தனை லீற்றர் என்று ஒரு தாளில் எழுதுங்கள். தனியார் பவுசர்களும் ஓடும். அவை எங்கே கொட்டுகின்றன என்பது பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குத் தெரிந்திருக்கும், அவரையும் கேளுங்கள்.

பிறகு மறுபக்கத்தில் இருந்து சரிபாருங்கள். உதாரணத்துக்கு 5,000 வீடு. ஒவ்வொரு வீடும் 5 வருடத்துக்கு ஒருமுறை குழியை வெறுமையாக்கினால் வருடத்துக்கு 1,000 வீடு. வீட்டுக்கு 3 கன மீற்றர் என்றால் 3,000 கன மீற்றர். 300 வேலை நாளில் பிரித்தால் நாளுக்கு 10 கன மீற்றர், அதாவது 3,500 லீற்றர் பவுசரில் மூன்று தடவை. இந்தக் கணக்கும் ஓட்டப் புத்தகமும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் நல்லது. புத்தகத்தில் பாதிதான் இருந்தால், மீதி வாய்க்காலுக்கோ வெறும் வளவுக்கோ போகலாம்.

மாரியில் அளவு கூடும். எங்கள் கரையில் மணல் நிலம், நிலத்தடி நீர் மேலே ஏறிக் குழிக்குள் வந்து விடும். பவுசர் அள்ளிப் போன மூன்றாம் நாள் திரும்பவும் நிரம்பி விட்டது என்று வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். அந்த மாதங்களில் பவுசர் கொண்டு வருவது பெரும்பாலும் தண்ணீர்தான். எனவே சராசரியை மட்டும் எழுதாமல், நொவம்பர் முதல் ஜனவரி வரையான உச்ச அளவையும் தனியாக எழுதிக் கொடுங்கள்.

3. காணியை இயந்திரத்துக்கு முன் பாருங்கள்

இந்தப் படியில் நேரம் எடுத்துக் கொள்ளுங்கள். இங்கே செலவைத் தீர்மானிப்பது காணியின் உயரமும் தூரமும்தான். இயந்திரம் அடுத்தபடிதான்.

எழுவான்கரையிலும் அம்பாறைக் கரையோரத்திலும் ஜனம் நெருக்கம், காணி பேர்ச் கணக்கில் விற்கிறது. காத்தான்குடி, கல்முனை, சாய்ந்தமருது போன்ற இடங்களில் ஒரு ஏக்கர் வெறுங்காணி கிடைப்பதே கஷ்டம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் காணி உண்டு, ஆனால் பவுசர் வாவியைத் தாண்ட வேண்டும். வலையிறவுப் பாலம், மண்முனைப் பாலம், பட்டிருப்புப் பாலம் என்று எதால் போனாலும் கிலோமீற்றர் ஏறும். போக 18, வர 18 என்று வையுங்கள். மேலே சொன்ன 3,000 கன மீற்றருக்கு வருடத்தில் 857 தடவை ஓட வேண்டும். அது 30,852 கிலோமீற்றர். பழைய பவுசர் லீற்றருக்கு 3 கிலோமீற்றர் ஓடினால் வருடத்துக்கு ஏறத்தாழ 10,300 லீற்றர் டீசல். காணி 5 கிலோமீற்றரில் இருந்தால் 2,900 லீற்றருக்குள் முடியும். இந்த வித்தியாசம் எந்த விலைமனுவிலும் வராது. நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

அடுத்தது உயரம். 2011 ஜனவரி வெள்ளம், 2024 நவம்பர் வெள்ளம் இரண்டிலும் அந்தக் காணியில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று பக்கத்து வீடுகளில் கேளுங்கள். சுவரில் அடையாளம் காட்டுவார்கள். ஒரு ஏக்கரை ஒரு மீற்றர் உயர்த்த 4,047 கன மீற்றர் மண் வேண்டும். எங்கள் பேச்சில் ஏறத்தாழ 1,430 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி), இறுக்கினால் இன்னும் கூடும். உங்கள் பகுதியில் இன்று ஒரு கியூப் கிறவல் என்ன விலை என்று இரண்டு டிப்பர்காரரிடம் விசாரித்துப் பெருக்கிப் பாருங்கள். எங்கள் குழுவில் அந்தத் தொகையைக் கண்ட அன்றுதான் பேச்சின் போக்கே மாறியது.

நிலத்தடி நீரை ஆவணியில் மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள். மார்கழியிலும் ஒரு குழி வெட்டிப் பாருங்கள். கோடையில் இரண்டு மீற்றரில் இருந்த தண்ணீர் மாரியில் முழங்கால் ஆழத்தில் நிற்கலாம். தொட்டி நிலத்துக்குள் போக வேண்டுமா, மேலே கட்ட வேண்டுமா, வெறுமையாக இருக்கும் நேரம் மிதந்து எழும்பாமல் இருக்க அடியில் எவ்வளவு கொங்கிறீட் போட வேண்டும் என்பதெல்லாம் இதில் இருந்துதான் வரும்.

காற்றையும் பாருங்கள். கச்சான் அடிக்கும் மாதங்களில் காற்று மேற்கிலிருந்து வரும். குடியிருப்புக்கு மேற்கே காணி எடுத்தால் அந்த மாதங்களில் முழு நாற்றமும் ஊருக்குள். பக்கத்துக் கிணறுகளையும் வரைபடத்தில் குறித்துக் கொள்ளுங்கள். உள்நாட்டுப் பக்கக் காணி என்றால் யானை வேலிச் செலவை மறந்து விடாதீர்கள்.

4. தெரிவுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள்

பக்கத்துச் சபையோடு சேர்வது. பலர் இதை யோசிப்பதே இல்லை. அருகில் ஒரு சபையிடம் நிலையம் இருந்து, அதில் இடமும் இருந்தால், ஒரு தடவைக்கு இவ்வளவு என்று கட்டணம் கொடுத்துக் கொட்டலாம். கட்டும் செலவு இல்லை, ஓட்டச் செலவு மட்டும்தான். ஆனால் வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். எத்தனை வருடம், நாளுக்கு எத்தனை தடவை, கட்டணம் எப்படி ஏறும் என்று எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். அடுத்த தவிசாளர் வந்து கதவை மூடினால் உங்கள் பவுசர் நடுரோட்டில் நிற்கும்.

உலர்படுகையும் குளங்களும். சேற்றை மணல் படுகையில் பரப்பிக் காயவைத்து, வடிந்த நீரை வரிசையாகக் குளங்களில் தங்கவைப்பது. மின்சாரம் கிட்டத்தட்ட வேண்டாம், பயிற்சி பெற்ற இரண்டு ஊழியர் போதும். விலை காணியில் இருக்கிறது. 3,000 கன மீற்றரில் 2 வீதம் திண்மம் என்றால் வருடத்துக்கு 60,000 கிலோ. சதுர மீற்றருக்கு வருடத்துக்கு 150 கிலோ காயும் என்று எடுத்தால் 400 சதுர மீற்றர் படுகை. ஆனால் மாரி மூன்று மாதமும் எதுவும் காயாது. அதற்காக 530 சதுர மீற்றர் கட்டுங்கள், இல்லாவிட்டால் ஒளி ஊடுருவும் கூரை போடுங்கள். மழை குறைந்த இடத்துக்கு வரைந்த படத்தை அப்படியே இங்கே கொண்டு வந்தால் தை மாதத்தில் படுகை சேற்றுக் குளமாகி விடும். காய்ந்த சேற்றில் குடற்புழு முட்டைகள் உயிரோடு இருக்கும். மற்றக் குப்பையோடு சேர்த்துச் சூடேறக் கம்போஸ்ட் செய்யாமல், அல்லது நீண்ட நாள் சேமித்து வைக்காமல், மரக்கறித் தோட்டத்துக்குக் கொடுக்கவே கூடாது. அதற்கான இடத்தையும் கணக்கில் சேருங்கள்.

காற்றில்லாத அறைத் தொட்டியும் புல்படுகையும். கழிவு ஒன்றன்பின் ஒன்றாக அறைகளில் மேலும் கீழுமாக ஏறி இறங்கி, பிறகு பன், சம்பு போன்ற புல் வளர்ந்த கல்படுகைக்குள் போகும். குளத்தை விடக் காணி குறைவு, மின்சாரம் மிகக் குறைவு. கொங்கிறீட்டும் கல்லும் அதிகம் வேண்டும். சில வருடத்தில் கல் அடைக்கும். எடுத்துக் கழுவிப் போடும் செலவு எந்த வருடம் வரும் என்று கேட்டு எழுதிக் கொள்ளுங்கள். வைத்தியசாலை, பாடசாலை, சந்தைத் தொகுதி போன்ற ஒரே வளவுக்கு எனக்கு இதுதான் பிடித்த முறை.

இயந்திர நிலையம். காற்றுப் பம்பு இரவு பகலாகக் காற்று ஊதிக் கழிவைச் சிதைப்பது. கொஞ்சக் காணி, நல்ல தரமான நீர். ஆனால் ஒரு கிலோ பி.ஓ.டி.யை அழிக்கப் பொதுவாக ஒரு யூனிட் அளவில் மின்சாரம் போகும். விலைமனுவில் காட்டும் மின்சாரத்தை இந்த அளவோடு ஒத்துப் பாருங்கள், மிகக் குறைவாக இருந்தால் காரணம் கேளுங்கள். 2022 ஆகஸ்டுக்குப் பிறகு மின்கட்டணம் எத்தனை தடவை ஏறி இறங்கியது என்று எல்லோருக்கும் தெரியும். இன்றைய கட்டணத்தில் ஒரு கணக்கும் அதற்கு ஒன்றரை மடங்கில் இன்னொரு கணக்கும் போடுங்கள். ஜெனரேற்றரும் சேர வேண்டும், காற்று நீண்ட நேரம் நின்றால் நுண்ணுயிர் செத்து விடும்.

குழாய் வலையமைப்பு. எல்லோருக்கும் ஆசை இதில்தான். தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை இல்லாமல் தனியாக ஒரு சிறிய சபை தொடக்கூடிய வேலை இல்லை. செலவில் பெரும்பகுதி நிலையத்தில் இல்லை, நிலத்துக்கடியில் போகும் குழாயிலும் பம்பிலும்தான். 150 மில்லிமீற்றர் குழாயை 150க்கு 1 என்ற சரிவில் போட்டால் ஒரு கிலோமீற்றரில் 6.7 மீற்றர் கீழே போக வேண்டும். தட்டையான மணல் நிலத்தில் ஒரு மீற்றரிலேயே தண்ணீர் வருகிறது. ஆகவே சில நூறு மீற்றருக்கு ஒரு பம்பு நிலையம், வெட்டும்போது தண்ணீர் இறைப்பு, மண் சரியாமல் தகடு. வீட்டிலிருந்து தெருக் குழாய்க்கு இணைக்கும் செலவை யார் தருவது என்று முடிவாகாவிட்டால் குழாய் போட்ட பிறகும் வீடுகள் இணையாது.

5. இருபது வருடக் கணக்கு

இங்கே நான் போடும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நானே வைத்தவை. உங்கள் தொகைகளை அவற்றின் இடத்தில் போடுங்கள்.

உலர்படுகை முறை கட்ட 6 கோடி, வருடச் செலவு 30 இலட்சம். இயந்திர நிலையம் கட்ட நாலரைக் கோடி, வருடச் செலவு 75 இலட்சம், பத்தாம் வருடத்தில் பம்பும் மோட்டரும் மாற்ற 1 கோடி. கட்டும் விலையைப் பார்த்தால் இயந்திரம் ஒன்றரைக் கோடி மலிவு. கூட்டத்தில் கை உயர்வது அதற்குத்தான்.

இனி வருங்காலச் செலவை இன்றைய மதிப்புக்குக் கொண்டு வாருங்கள். இன்று ஒதுக்கும் பணம் வருடத்துக்கு 8 வீத வட்டியோடு வளரும், 20 வருடம் என்று எடுத்தால் வருடச் செலவை 9.82 ஆல் பெருக்க வேண்டும். பத்தாம் வருடச் செலவை 0.463 ஆல். உலர்படுகை 6 + 2.95, மொத்தம் 8.95 கோடி. இயந்திரம் 4.5 + 7.36 + 0.46, மொத்தம் 12.32 கோடி. 8 வீதம் என்பதில் யாராவது தகராறு பண்ணினால் 12 வீதத்தில் போட்டுக் காட்டுங்கள்: 8.24 கோடியும் 10.42 கோடியும் வரும். வரிசை மாறாது.

ஆனால் காணி வந்தால் மாறலாம். உலர்படுகைக்கு 2 ஏக்கரை ஒரு மீற்றர் உயர்த்த வேண்டும், கியூப் 10,000 ரூபா என்று வையுங்கள். 2.86 கோடி சேர்ந்து 11.81 ஆகி விடும். இயந்திரத்துக்குக் கால் ஏக்கர் நிரப்பினால் 12.68. வித்தியாசம் 3.37 கோடியில் இருந்து 0.87 கோடிக்கு இறங்கி விட்டது. இதற்குத்தான் காணியை முதலில் பார்க்கச் சொன்னேன்.

இன்னொரு எண்ணும் வேண்டும். நிலையத்தை யாராவது நன்கொடையாகக் கட்டித் தந்தாலும் வருடச் செலவு சபையின் தலையில்தான். 30 இலட்சத்தை 857 தடவையால் பிரித்தால் ஒரு பவுசருக்கு 3,500 ரூபா. 75 இலட்சத்தைப் பிரித்தால் 8,750 ரூபா. பவுசர் கட்டணத்தில் இதைச் சேர்க்க உங்கள் ஊர் மக்களால் முடியுமா? முடியாவிட்டால் அந்த நிலையம் ஒரு நாள் பூட்டப்படும். பவுசர் திரும்பவும் வாவிக்கரையில்தான் கொட்டும்.

6. விலைமனுவில் கண் வைக்க வேண்டிய இடங்கள்

எல்லோருக்கும் ஒரே பக்கம் கொடுங்கள்: அளவு, உச்ச அளவு, உள்ளே வரும் கழிவின் தரம், வெளியே போக வேண்டிய தரம், காணியின் நில அளவைப் படம், மார்கழி நீர்மட்டம். உள்நாட்டு மேற்பரப்பு நீரில் விடுவதானால் பி.ஓ.டி லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, நீரில் தொங்கி நிற்கும் திண்மம் 50ஐத் தாண்டக் கூடாது. இதை எழுதாமல் விலை கேட்டால் ஒவ்வொருவரும் தங்களுக்கு வசதியான தரத்துக்கு விலை போடுவார்கள்.

வற் வரி 18 வீதம் சேர்த்ததா, சேர்க்காததா என்று பாருங்கள். எங்களிடம் வந்ததில் ஒன்று சேர்த்தது, ஒன்று சேர்க்காதது, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு மாதம் விவாதித்தோம். மின்சார இணைப்பும் தேவைப்பட்டால் டிரான்ஸ்போமரும், உள்வீதி, மதில், ஆய்வுகூடப் பரிசோதனை, முதல் இரண்டு வருட உதிரிப்பாகம், ஊழியர் பயிற்சி ஆகியவை உள்ளா வெளியா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வெளிநாட்டுப் பம்பு என்றால் எந்த நாணய மாற்று வீதம், எத்தனை நாள் செல்லும் என்பதும் வேண்டும். பழுதானால் ஆள் எங்கிருந்து வருவார்? கொழும்பிலிருந்து வர வேண்டும் என்றால் அந்தப் பயணச் செலவும் வருடச் செலவில் சேரும்.

7. ஆவணமும் அனுமதியும், எந்த மாதம் எது

காணி அரச காணியாக இருந்தால் பிரதேச செயலகத்தில் இருந்து விடுவிப்பு. இதுதான் நீளும். இதை முதலில் தொடங்கி மற்ற வேலைகளைப் பக்கத்தில் ஓட்டுங்கள். நில அளவைப் படம், கிராம உத்தியோகத்தர் அறிக்கை, சபைத் தீர்மானத்தின் உறுதிப்படுத்திய பிரதி, சுகாதார வைத்திய அதிகாரியின் கருத்து ஆகியவற்றை ஒரே கோப்பில் போட்டு நான்கு பிரதி எடுங்கள். காட்டை ஒட்டிய காணி என்றால் வன, வனசீவராசிகள் திணைக்களங்களையும் ஆரம்பத்திலேயே கேட்டு விடுங்கள்.

கடலின் உயர் நீர்மட்டக் கோட்டில் இருந்து 300 மீற்றருக்குள், அல்லது கடலோடு சேரும் வாவி, ஆறு ஆகியவற்றின் முகத்துவாரத்தில் இருந்து உள்ளே 2 கிலோமீற்றர் வரையான கரையோர வலயத்துக்குள் வந்தால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் தேவை. எழுவான்கரைக் காணிகள் பல இதற்குள் விழும். மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் கட்டுவதற்கு முன்பே இடப் பரிந்துரை பெறுங்கள். ஓட்டத் தொடங்கும்போது சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் எடுக்க வேண்டும். அது காலம் முடிய முடியப் புதுப்பிக்க வேண்டியது. கட்டணமும் நீர்ப் பரிசோதனைச் செலவும் வருடச் செலவில் எழுதுங்கள்.

மண் வேலையும் அத்திவாரமும் பெப்ரவரியில் தொடங்கிச் செப்டெம்பருக்குள் முடிய வேண்டும். ஒக்டோபரில் குழி வெட்டத் தொடங்கிய ஒப்பந்தக்காரர் நொவம்பரில் தண்ணீர் இறைக்கும் பில்லோடு வருவார். அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்தில் தொகை வர வேண்டும் என்றால் மதிப்பீடு ஆகஸ்டிலேயே செயலாளரின் மேசையில் இருக்க வேண்டும். அதற்கு மார்கழி நீர்மட்டம் முந்திய வருடமே எடுத்திருக்க வேண்டும். ஆக, இன்று தொடங்கினால் இந்த மார்கழிக்குக் குழி வெட்டுங்கள். அடுத்த மார்கழிக்குத் தள்ளினால் ஒரு வருடம் போய் விடும்.

8. காணிக்குப் பக்கத்து வீடுகள்

விலைமனுக் கோரலுக்கு முன்பே போய்ப் பேசுங்கள். பத்திரிகை விளம்பரத்தில் முதல் தடவையாகப் பார்த்தால் அவர்கள் எதிர்ப்பது நியாயம்தான். ஓடிக் கொண்டிருக்கும் ஒரு நிலையத்துக்கு ஒரு பஸ்ஸில் கூட்டிப் போய்க் காட்டுங்கள், மழை நாளில். அவர்களது கிணறுகளின் தண்ணீரைக் கட்டுவதற்கு முன்பே பரிசோதித்து, அறிக்கையின் ஒரு பிரதியை வீட்டுக்காரரிடமும் கொடுங்கள். நிலையம் ஓடத் தொடங்கிய பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே கிணறுகளைப் பரிசோதிக்கும் செலவையும் வருடச் செலவுப் பட்டியலில் ஒரு வரியாகப் போட்டு விடுங்கள்.